விண்மீன்கள் கூறும் சான்று
(திங்கட் கூட்டமொன்றில் ஆற்றிய அறிவியல் உரையின் எழுத்து வடிவம்)



மொழிகாக்கும் அவையில் விண்மீன்களைப் பற்றி இவன் பேச வந்த கரணியம் என்ன என்று உங்களுள் சிலர் எண்ணலாம். கரணியம் உண்டு. தமிழில் பாட்டெழுதலாம், மேடையேறி முழங்கலாம், ஆனால் இன்றைய அறிவியலை அதனாற் சொல்லவியலாது என்று கூறுவார் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். அவர்களோடு சொற்போர் புரிவதில் எனக்கு விருப்பமில்லை. சொல்லிக் காட்டுவதே அவர்களுக்குரிய விடை. எனவே, அண்மை ஆண்டுகளில் வானியலார் கண்டறிந்த ஓர் அரிய செய்தியை என்னால் இயன்ற தமிழில் இன்று எடுத்துரைக்கப் போகின்றேன். ஆட்பெயர்களும், நல்ல தமிழ்ப்பெயர் இன்னும் நிலைபெறாத இரண்டொரு தனிமப் பெயர்களும் மட்டும் ஒலிபெயர்ப்பாய் வரும். பொறுத்தருள்க.

கார்த்திகைத் திங்களின் மாலைப் பொழுதில் கீழ்வானத்தைப் பாருங்கள். சிறு கைப்பிடிக்குள் அடங்குமாறு நெருங்கி நிற்கும் ஆறு மீன்களைக் காண்பீர்கள். அவற்றை நம் முன்னோர் ஆரல் என்றும் அறுமீன் என்றும் பெயரிட்டு வழங்கினர். வெறுங் கண்ணுக்கு ஆறாய்த் தெரியும் அக்கூட்டத்தில் உண்மையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்கள் உள்ளன. ஏறத்தாழ 440 ஒளியாண்டுத் தொலைவில், ஒரே முகிலிலிருந்து, ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அவையெல்லாம் ஒருசேரப் பிறந்தன. இவ்வாறு உடன்பிறந்த மீன்களின் கூட்டத்தை விண்மீன் கொத்து என்கிறோம்.

இங்கே ஒன்றைத் தெளிவுறச் சொல்லிவிடுகின்றேன். ஆரலுக்குப் பெயரிட்டது நம் முன்னோரின் கூர்த்த பார்வைக்குச் சான்று. ஆனால் அம்மீன்கள் ஒரே முகிலிற் பிறந்தவை என்பதையும் அவர்கள் அறிந்திருந்தனர் என்று நான் சொல்லமாட்டேன். அதற்குச் சான்றில்லை. சான்றில்லாததைச் சொல்லாமையால் நம் பெருமை ஒன்றும் குன்றிவிடாது. இவ்வுரையின் உயிர்நாடியே சான்று என்னும் இவ்வொரு சொல்தான்.

விண்மீனின் வாழ்நாளை முடிவுசெய்வது அதன் நிறை. மிகுந்த நிறையுடைய மீனுக்கு எரிபொருள் மிகுதியாயிற்றே, ஆகவே அது நெடுநாள் வாழும் என்று நாம் எண்ணக்கூடும். நடப்பதோ நேர்மாறு. பெருநிறை மீன் தன் எரிபொருளைப் பன்மடங்கு விரைவாய்ச் செலவிட்டுவிடுகிறது. நம் ஞாயிறு தன் நடுவிலுள்ள நீரகத்தை, அதாவது பள்ளிகளில் ஐட்ரசன் என்று பயிற்றப்படும் தனிமத்தை, எரித்து முடிக்க ஏறத்தாழ 1,000 கோடி ஆண்டுகளாகும். ஞாயிற்றைப்போற் பத்து மடங்கு நிறையுடைய மீன் இரண்டு மூன்று கோடி ஆண்டுகளிலேயே அதனை முடித்துக்கொள்ளும்.

நிறத்தையும் இதனோடு சேர்த்துப் பாருங்கள். கொல்லன் உலையில் இரும்பு முதலிற் சிவக்கும், பின் மஞ்சளாகும், மேலும் காய்ச்சினால் வெளுக்கும். அதனினும் மிகுந்த வெப்பமுடைய பொருள் நீலமாய் ஒளிரும். பெருநிறை மீன்கள் வெப்பம் மிக்கவை, ஆதலின் நீலம். சிறுநிறை மீன்கள் வெப்பம் குறைந்தவை, ஆதலின் சிவப்பு. எனவே ஒரு கொத்தின் அகவை ஏற ஏற, முதலில் நீல மீன்கள் முதுமையுற்றுச் செம்பெருமீன்களாய் வீங்கி மறைய வேண்டும். அடுத்து வெண்ணிற மீன்கள். அடுத்து மஞ்சள் மீன்கள். முதிய கொத்தில் நீல மீன் இருத்தல் கூடாது. இதுவே நெறி.

1953-ஆம் ஆண்டில் அமெரிக்க வானியலார் ஆலன் சாண்டேசு, மெசியே பட்டியலில் மூன்றாம் எண்ணுடைய உருண்டைக் கொத்தை ஆராய்ந்தார். ஏறத்தாழ ஐந்து இலக்கம் மீன்கள் செறிந்த அக்கொத்தின் அகவை 1,000 கோடி ஆண்டுகளுக்கு மேல். அங்கே இயல்பாய் எரிந்துகொண்டிருக்கும் மீன்களுள் மிகப் பெரியதன் நிறையே ஞாயிற்றின் நிறையில் ஐந்தில் நான்கு பங்களவுதான். ஆனால், இருத்தல் கூடாத இடத்தில், நீல நிறத்தோடு சில மீன்கள் ஒளிர்ந்துகொண்டிருந்தன! உடன்பிறந்தாரெல்லாம் முதுமையெய்தி முன்னே போய்விட, இவை மட்டும் அவ்வழியிற் பின்தங்கி நின்றன. ஆகவே அவற்றிற்கு ஆங்கிலத்தில் வைத்த பெயரின் பொருளைத் தழுவி, நாம் அவற்றை நீலப் பின்தங்கிகள் எனலாம். பின்னர் ஏறத்தாழ எல்லா முதிய கொத்துகளிலும் அவை காணப்பட்டன.

இவை எப்படி வந்தன?

கொத்து உருவாகி நெடுநாளைக்குப் பின்னர்ப் பிறந்தனவோ என்றால், உருண்டைக் கொத்துகளில் புதுமீன் பிறத்தற்கு வேண்டிய முகிலே இல்லை. ஆகவே, பழைய மீன்களே எவ்வாறோ புதிய நிறை பெற்றிருத்தல் வேண்டும். 1964-இல் மெக்ரீ என்னும் அறிஞர் ஒரு விளக்கம் தந்தார். விண்மீன்கள் பல, ஒன்றையொன்று சுற்றும் இணைகளாய் வாழ்கின்றன. இணையில் ஒன்று முதுமையுற்று வீங்கும்போது, அதன் புறப்பொருள் மற்றொன்றன் மீது வழிந்து சேரும். பெற்றுக்கொண்ட மீன் நிறை மிகுந்து, வெப்பம் மிகுந்து, நீலமாய் மாறும். 1976-இல் இல்சு, தே என்னும் இருவர் மற்றொரு விளக்கம் தந்தனர். உருண்டைக் கொத்தின் நடுவே மீன்கள் மிக நெருங்கியிருத்தலின், இரண்டு மீன்கள் நேரே மோதி ஒன்றாகலாம் என்றனர். இவையன்றி, மூன்று மீன்கள் சேர்ந்த அமைப்பில், மூன்றாவதன் ஈர்ப்பால் உள்ளிணை இரண்டும் நெருங்கி ஒன்றாய்க் கலத்தலும் கூடும்.

மூன்று விளக்கங்களும் அறிவுக்குப் பொருந்துவனவே. மூன்றின் முடிவிலும் தோன்றுவது நீல மீனே. எது உண்மையென்று எவ்வாறு அறிவது? நேரிற் கண்டார் எவருமிலர். நிகழ்ச்சியோ கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் முடிந்துபோயிற்று. இங்கேதான் வேதியியல் சான்று கூற வருகின்றது.

ஒளியைப் பட்டகத்தின் வழியே செலுத்தினால் வானவில் போன்ற நிறமாலை விரியும். 1814-இல் பிரான்கோபர் என்னும் செருமானியர் ஞாயிற்றின் நிறமாலையில் நூற்றுக்கணக்கான கருங்கோடுகளைக் கண்டார். 1859-ஆம் ஆண்டையொட்டி, கிர்காப்பு, புன்சன் என்னும் இருவர், ஒவ்வொரு தனிமத்திற்கும் தனக்கேயுரிய கோடுகள் உண்டென்று நிறுவினர். மாந்தனுக்குக் கைரேகை எவ்வாறோ, தனிமத்திற்குக் கோடுகள் அவ்வாறு. 1868-ஆம் ஆண்டு ஆகத்து 18-இல் நிகழ்ந்த முழு ஞாயிற்று மறைப்பின்போது, குண்டூரிலிருந்து சான்சென் என்னும் பிரெஞ்சு அறிஞர் ஞாயிற்றின் விளிம்பொளியை ஆராய்ந்தார். அவ்வாண்டே இங்கிலாந்தில் இலாக்கியர், அந்நாள்வரை அறியப்படாத மஞ்சட்கோடொன்றை ஞாயிற்றொளியிற் கண்டார். அதற்குரிய தனிமத்திற்கு ஞாயிறு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து ஈலியம் என்று பெயரிட்டனர். எல் என்பது ஒளியையும் ஞாயிற்றையும் குறிக்கும் நம் பழஞ்சொல். அதனடியாக எல்லியம் என்று நாம் வழங்கினால் யார் தடுக்கப் போகின்றனர்? 1895-இல்தான் அத்தனிமம் இந்நிலவுலகிலும் பிரித்தறியப்பட்டது. நிலத்திற் கிடைக்குமுன்னரே அதனை ஒளியில் அறிந்தனர் என்பதை எண்ணிப் பாருங்கள்!

இனி, சான்றுகளை ஒவ்வொன்றாய்க் காண்போம்.

முதற் சான்று இலித்தியம். இத்தனிமம் மிக மென்மையான இயல்புடையது. ஏறத்தாழ 25 இலக்கம் பாகை வெப்பத்திலேயே அழிந்துவிடும். விண்மீனின் குளிர்ந்த மேற்பரப்பில் மட்டும் அது பிழைத்திருக்கும். நண்டு ஓரையில் மெசியே 67 என்றொரு கொத்துள்ளது. அகவை ஏறத்தாழ 400 கோடி ஆண்டுகள். அதன் நீலப் பின்தங்கிகளை 1991-இல் ஆராய்ந்தபோது இலித்தியம் காணப்படவில்லை. புதிதாய்ப் பிறந்த இளமீன்களாயின் அது இருத்தல் வேண்டும். இல்லை, ஆகவே இவற்றின் மேற்பொருள் ஒரு காலத்தில் வெப்பமிக்க உள்ளிடங்களைக் கண்டு வந்தது. இவை இளமீன்களல்ல, இளமை பெற்ற முதுமீன்கள்.

இரண்டாம் சான்று கரியமும் உயிரகமும். ஞாயிற்றினும் சற்றுப் பெரிய மீன்களின் உள்ளே, நீரகம் எல்லியமாய் மாறும் வினைக்குக் கரியம், நைட்ரசன், உயிரகம் ஆகிய மூன்றும் ஊக்கிகளாய் நின்று உதவுகின்றன. அவ்வினை நடந்த ஆழத்தில் கரியமும் உயிரகமும் குறைந்து நைட்ரசன் மிகும். மேற்பரப்பிலோ பிறந்தநாளின் அளவுகளே நிலைத்திருக்கும். இரண்டு மீன்கள் மோதினால், ஆழத்துப் பொருள் பெரும்பாலும் ஆழத்திலேயே தங்கிவிடும் என்பது கணக்கிட்டுக் கண்ட முடிபு. ஆனால் இணைமீனின் தோலையுரித்து, மேலும் மேலும் உள்ளடுக்குகளைப் பெற்றுக்கொண்ட மீனின் மேற்பரப்பில் கரியமும் உயிரகமும் குறைந்து காணப்படும். 2006-இல் இத்தாலிய வானியலார் பெர்ராரோவும் அவர்தம் குழுவினரும், தென்வானத்திலுள்ள 47 தூக்கானே என்னும் உருண்டைக் கொத்தில் 43 நீலப் பின்தங்கிகளைச் சிலி நாட்டின் பெருந்தொலைநோக்கியால் ஆராய்ந்தனர். அவற்றுள் ஆறு மீன்களில் அவ்விரு தனிமங்களும் தெளிவாய்க் குறைந்திருந்தன. மெக்ரீயின் கருத்து அங்கே முதன்முறையாக வேதியியல் சான்று பெற்றது.

மூன்றாம் சான்று, எல்லாவற்றினும் வலியது, பேரியம். 'எடை மிகுந்தது' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்த பெயர் அது. இரும்பினும் எடைமிக்க இத்தனிமத்தை, நடுத்தர நிறையுடைய மீன் தன் முதுமையின் இறுதிப் பருவத்தில்தான் ஆக்குகிறது. அப்பருவத்தில் அதன் உள்ளடுக்குகளில் நொதுமிகள், அதாவது மின்னேற்றமில்லா நுண்துகள்கள், வெளிப்படும். இரும்பின் அணுக்கரு அந்நொதுமிகளை ஒன்றன்பின் ஒன்றாய், பொறுமையாய், நெடுங்காலம் ஏற்று ஏற்று எடை மிகுந்து, இட்ரியமாய், பேரியமாய், இலந்தனமாய் வளரும். பின் அம்மீனின் கொதிப்பே அவற்றை மேற்பரப்புக்குக் கொண்டுவரும். நீலப் பின்தங்கியோ இன்னும் நடுவில் நீரகத்தையே எரித்துக்கொண்டிருப்பது. பேரியத்தை ஆக்கும் உலை அதனிடம் இல்லை. ஆகவே அதன் மேற்பரப்பில் பேரியம் மிகுந்திருந்தால், அது பிறர் அடுப்பிற் சமைத்த பொருள் என்பதில் ஐயமில்லை.

2015-இல், புதிய பொதுப்பட்டியலில் 6819-ஆம் எண்ணுடைய கொத்தில் 12 நீலப் பின்தங்கிகளை ஆராய்ந்து, அவற்றுள் ஐந்தில் பேரியம் மிகுந்திருப்பதை அமெரிக்க வானியலார் கண்டனர். அக்கொத்தின் ஏனைய இயல்பான மீன்களில் அம்மிகுதி இல்லை.

பெற்றவனைக் கண்டோம், கொடுத்தவன் எங்கே? புறப்பொருளெல்லாம் இழந்த மீனின் கரு மட்டும் வெண்குறுமீனாய் எஞ்சும். நிலவுலகின் பருமனே உடைய அது, நீல மீனின் பேரொளியில் மறைந்துவிடும். ஆயினும் வெப்பமிக்கதாதலின் புறவூதா ஒளியிற் பார்த்தால் தன்னைக் காட்டிக்கொடுக்கும். 188-ஆம் எண்ணுடைய, 700 கோடி ஆண்டு அகவையுள்ள கொத்தை ஆராய்ந்தோர், அதன் 21 நீலப் பின்தங்கிகளில் 16 இணையுடன் வாழ்வதை 2009-இல் தெரிவித்தனர். 2014, 2015 ஆகிய ஆண்டுகளில் அப்புள் விண்தொலைநோக்கியின் புறவூதா நோக்கால், அக்கொத்தின் ஏழு நீலப் பின்தங்கிகளுக்கு அருகே வெண்குறுமீன்கள் கண்டறியப்பட்டன.

ஆயினும் ஒன்று குறைவாயிருந்தது. மேற்பரப்பிற் பேரியமும், அருகே வெண்குறுமீனும் ஒருசேரக் காணப்படும் நீலப் பின்தங்கி ஒரு கொத்தில் வேண்டும். அது கிடைத்துவிட்டது. 2015 செபுதம்பர் 28-இல் திருவரிக்கோட்டையிலிருந்து ஏவப்பட்ட ஆசுட்ரோசாட்டு என்னும் செயற்கைக்கோளில் புறவூதாத் தொலைநோக்கி ஒன்றுள்ளது. பெங்களூரிலுள்ள இந்திய வானியற்பியல் நிறுவனத்தார் அதனைக்கொண்டு மெசியே 67 கொத்தை ஆராய்ந்தனர். ஆத்திரேலியத் தொலைநோக்கியால் எடுக்கப்பட்ட நிறமாலைகளையும் ஒப்பிட்டு நோக்கினர். 9005 என்னும் எண்ணிடப்பட்ட நீலப் பின்தங்கியில் பேரியமும் இட்ரியமும் இலந்தனமும் மிகுந்திருந்தன. அம்மீனின் இயல்புக்கு மீறிய புறவூதா ஒளியும் வெளிப்பட்டது. பெற்ற பொருளும் கொடுத்தவனின் எச்சமும் ஒரே இடத்திற் கிடைத்தன. 2024-இல் இவ்வாய்வு வெளிவந்தது.

எல்லாப் புதிரும் விடுபட்டுவிட்டதா என்றால், இல்லை. 6819-ஆம் கொத்தில் பேரியம் மிக்க ஐந்தனுள் நான்கிற்கு இணைமீன் இருப்பதற்குரிய அசைவே காணப்படவில்லை. அதைக் கண்டோர் மறைக்காது எழுதினர். மோதற் கருத்தும் பொய்யாகிவிடவில்லை. மெசியே 30 என்னும் கொத்தில் நீலப் பின்தங்கிகள் இரண்டு வரிசைகளாய்ப் பிரிந்து நிற்பதை 2009-இற் கண்டு, ஒரு வரிசை மோதலாற் பிறந்தது, மற்றொன்று பொருள்பெற்றுப் பிறந்தது என்று விளக்கினர். ஒரு விளைவுக்குப் பல வழிகள் இருத்தல் கூடும். எவ்வழி என்பதை விருப்பம் முடிவுசெய்யாது, சான்றே முடிவுசெய்யும்.

பெருமக்களே! இச்செய்தியை முன்னொருகால் இளைஞர் சிலரிடம் நான் கூறியபொழுது, அவர்களுள் ஒருவர் எழுந்து கேட்டார்: "ஐயா, பிறிதொன்றிலிருந்து பெற்றதனால்தானே அந்த மீன் இளமை எய்தியது? அப்படியானால் நம் மொழியும் பிறமொழிச் சொற்களைப் பெற்று இளமையாகலாமே! நீங்கள் ஏன் தடுக்கின்றீர்கள்?"

நல்ல வினா! அதைத் தட்டிக்கழிக்க நான் விரும்பவில்லை. முதலில் அவருக்குச் சொன்னேன்: விண்மீன் வேறு, மொழி வேறு. உவமை விளக்கத்திற்கு உதவும், மெய்ப்பிக்க உதவாது. உவமையைச் சான்றாய்க் கொண்டால், எனக்கு வேண்டியதை நானும் உமக்கு வேண்டியதை நீரும் ஒரே மீனிலிருந்து எடுத்துக்கொள்வோம்.

பின்னர்ச் சொன்னேன்: ஆயினும் அந்த மீன் பெற்றது எதை என்று பாரும். அது எரிபொருளைப் பெற்றது. அதைத் தன் உலையில், தன் வினையால், தானே எரித்து ஒளியாக்குகிறது. கொடுத்த மீனின் ஒளியை வாங்கிப் பூசிக்கொள்ளவில்லை. நாமும் அறிவைப் பெறுவோம், எந்நாட்டிலிருந்தும் பெறுவோம், நாணமின்றிப் பெறுவோம். சாண்டேசும் மெக்ரீயும் பெர்ராரோவும் கண்டவை மாந்தர் அனைவர்க்கும் உரியவை. ஆனால் பெற்ற அறிவை நம் மொழியாகிய உலையில் இட்டு எரித்தாலன்றி அது நமக்கு ஒளியாகாது. பிறன்மொழிச் சொல்லை உருப்போட்டு ஒப்பித்தல் பூச்சொளியே.

மூன்றாவதாய் ஒன்று சொன்னேன். அதையே உங்களுக்கும் சொல்லி முடிக்கின்றேன். இரவற் பொருள் எத்துணைக் கோடி ஆண்டாயினும் தன் பிறப்பிடத்தைக் காட்டிக்கொடுக்கும். சொல்லும் அவ்வாறே. பாவாணர் தம் வாழ்நாளெல்லாம் சொற்களின் வேர்தேடி உழைத்தது அதனாலேயே. ஆனால் அவ்வழிச் செல்வோராகிய நாம், வானியலாரிடமிருந்து ஒரு கண்டிப்பைக் கற்றுக்கொள்ளல் வேண்டும். அவர்கள் ஒரு கோட்டைக் கண்டதும் முழங்கிவிடவில்லை. கரியம், உயிரகம், இலித்தியம், பேரியம், இணைமீனின் அசைவு, வெண்குறுமீனின் ஒளி என்று ஒன்றுக்குப் பின் ஒன்றாய்த் தேடினர். தமக்கு மாறானதையும் எழுதிவைத்தனர். 1953-இல் எழுந்த வினாவுக்கு 2024 வரை விடை தேடினர். நம்முள் சிலரோ இரண்டு சொற்களின் ஒலி ஒத்தால் போதும், உடனே முடிபு கூறிவிடுகின்றனர். அது தமிழுக்குச் செய்யும் தொண்டன்று. மெலிந்த சான்றின்மேற் கட்டிய பெருமையை மாற்றார் ஒரே தள்ளில் வீழ்த்துவர். அப்போது வலிய சான்றுடைய உண்மைகளும் அதனோடு சேர்ந்து இழுக்குறும்.

சவ்வாது மலையின் காவலூரில், அதே இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் வான்நோக்ககம் இருக்கின்றது. 1986 முதல் 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி அங்கே நிற்கின்றது. அம்மலையடிவாரத்துச் சிற்றூரிற் பிறந்த தமிழ்ப்பிள்ளை, தன் ஊர்மேல் விரியும் வானத்தைப் பற்றிய செய்தியைத் தன் தாய்மொழியிற் படிக்க வேண்டாவா? அதற்குரிய நூல்களை எழுதுவது யார் கடன்? அரசின் கடன் என்று மட்டும் சொல்லி நாம் ஒதுங்கிக்கொள்ளலாகாது. இங்கே அமர்ந்திருக்கும் ஆசிரியர்களே, பொறியாளர்களே, மாணவர்களே! ஆளுக்கொரு துறையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கொரு சிறுநூல் எழுதுங்கள். பிழையிருந்தால் திருத்திக்கொள்வோம். சொல் கிடைக்காத இடத்திற் கூடியிருந்து சொல்லாக்குவோம்.

இன்றிரவு வீடு திரும்பும்போது ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். தம் பிறப்பையும் பெற்றதையும் மறைக்கத் தெரியாத அம்மீன்கள் உங்களுக்கும் சான்று கூறும்.

வாழ்க தமிழ்! வளர்க அறிவியல்!